கயிறு பிடிக்காதவனுக்குப் போன பங்கு

என் பிரியமுள்ள மச்சான் தேசிங்குக்கு,

நான்தான் எழுதுகிறேன், நம்பு. உன் மருமகள், என் மகள் செல்வி மாலை வகுப்பில் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட்டாள். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனால் என்ன சந்தோஷம் தெரியுமா! பஸ்ஸின் நெற்றியில் 'திண்டிவனம்' என்று படித்துவிட்டு, ஏறாமலே நின்று சிரித்தேன். கண்டக்டர் திட்டினான். திட்டட்டுமே.

நான் முழுசாகப் படித்து முடித்த முதல் சங்கதி, உன்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்த அந்தக் கட்டுரை. சுனாமி அலை வந்த மறுவருஷம் கேமராவோடு வந்தானே ஒரு நிருபர். கடலையும் மீனையும் காப்பாற்ற எழுதுகிறவர்களுக்கு ஓர் அமைப்பு பணம் கொடுக்கிறது, அதில்தான் வந்திருக்கிறேன் என்றானே, அவன் எழுதியது. கரையில் நின்று கரைவலைக் கயிற்றை இழுத்தவனுக்குத்தானே நம்மூரில் மீன் பங்கு? அவன் கயிற்றைத் தொடவே இல்லை. நீயோ, "நம்மளப் பத்தி எழுத வந்த புள்ள மாமா" என்று உன் பங்கிலிருந்தே கொடுவா மீனை எடுத்துக் கொடுத்தாய்.

அதற்கு அவன் செய்த பதில் மரியாதை, உன் படத்துக்குக் கீழே இருக்கிறது: குஞ்சு மீனை அள்ளிக் கடலைக் காலி செய்கிறவன். செல்வி அன்றைக்கே படித்துக் காட்டினாள். நீ எழுந்து போனாய். அப்புறம் சாகும்வரை கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நம் வலையின் கண்ணி சின்னதுதான். நெத்திலிக்கு வேறு எது போடுவது? ஆனால் இறால் பண்ணைக் கழிவைக் கழிமுகத்தில் திறந்துவிடுவதையும், குஞ்சுகள் செத்து மிதப்பதையும் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாயே, அது எங்கே? விரல் வைத்துத் தேடினேன். ஓர் எழுத்துகூட இல்லை.

போன வாரம் மறுபடி வந்தான். மறுபடியும் அதே அமைப்பின் பணம்.

"பெரியவரே, தேசிங்கு எங்க?"

"செத்துட்டான். நீ தின்ன கொடுவா செரிச்சுதா?"

வலைக்காரர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. "பண்ணைத் தண்ணிய ஏன்யா எழுதல?"

"வலையைப் பத்தி எழுதத்தான் காசு குடுத்தாங்க. பண்ணை அந்தத் தலைப்புல வராதுங்க."

உன் அக்கா கூடையை இறக்கி வைத்தாள். "ஏம்பா, இவ்ளோ நாத்தம் அடிக்குதே, உன் மூக்கு உன்னுதா, அவங்க வாங்கிக் குடுத்ததா?"

நான் கயிற்றை அவன் கையில் திணித்தேன். "இழு. இந்தத் தடவை சும்மா கிடையாது." இழுத்தான். உள்ளங்கை சிவக்க இழுத்தான், அதை மறைக்க மாட்டேன். வலையில் வந்தது கருஞ்சேறும் செத்த குஞ்சுகளும்தான். முறைப்படி பங்கு போட்டேன். அவன் பங்கைக் கேரிபேக்கில் கட்டி நீட்டினேன்.

"உன் பங்குய்யா. கொண்டுபோய் காசு குடுத்தவங்ககிட்ட காட்டு."

வாங்கிக்கொண்டு காரில் ஏறினான். கொண்டுபோனானா, கூனிமேடு தாண்டி வீசிவிட்டானா?

எனக்கு அவன்மேல் கோபம் தீரவில்லை. அவனை அனுப்பியவர்கள்மேல் அதைவிடக் கோபம். கடலைப் பற்றி எழுதக் கொடுக்கிற பணத்தில், கண்ணை மூடிக்கொள்வதற்கான கூலியும் சேர்த்திதானா?

மச்சான், பண்ணை மதகைத் திறக்கும்போதெல்லாம் இனி நான் போய் நிற்பேன். பார்த்ததை எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்புவேன். போடாவிட்டால் மறுபடி எழுதுவேன். எனக்கு யாரும் காசு தரவில்லை, அதனால் தலைப்பும் தர முடியாது. கழிமுகம் சாகிறது என்று முதலில் சொன்னவன் தேசிங்கு என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவேன். உன் படத்துக்குக் கீழே அந்த வரி வருகிறவரைக்கும் ஓய மாட்டேன்.

உன் அக்காவைக் கட்டியவன்,
கோதண்டம்