ஏரிக்குள் போன சிவப்புக் கோடு

அருள்புரம்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகன் சுரேந்தருக்கு அம்மா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். கடிதத்தில் எழுதும் வழக்கமான வார்த்தை என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, உண்மையாகவே நலமாக இருக்கிறேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உன் அத்தை பழனாயி ஊத்துக்குளியில் ஆரம்பித்து வைத்த பேச்சு இப்போது இங்கே மளிகைக்கடை வரைக்கும் வந்துவிட்டது. போன வாரம் கடையில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இப்பப் பரவால்லீங்களா, என்னைத் தெரியுதுங்களா" என்று கைக்குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள். அவள் பெயர், அவள் மாமனார் பெயர், அவள் மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பகல் முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தன்னால் பேசுகிறேன் என்றும் சொல்கிறார்களாம். அதுவும் பொய். நான் பேசவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் உனக்கு எழுதுகிறேன். அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. நீ சிரித்தாய், நான் போனை வைத்துவிட்டேன், அதோடு நின்றுபோனது.

அப்பாவின் முதல் தெவசத்துக்கு நீ வந்திருந்தபோது நீயே அந்த ஓட்டச் செயலியை என் போனில் போட்டுக்கொடுத்தாய். "நான் ஓடறதை இங்கிருந்தே நீங்க பாக்கலாங்கம்மா, கூடவே வர்ற மாதிரி இருக்கும்" என்று சொன்னாய். அப்பாவுக்கு வந்த மாரடைப்பு உனக்கும் வந்துவிடக் கூடாது என்று அங்கிருக்கும் டாக்டர் சொல்லி நீ ஓட ஆரம்பித்தவன். அதனால் உன் ஓட்டத்தின் மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. காலைச் சமையல் முடிந்து நான் உட்காரும் நேரத்துக்கு உன் விடியற்கால ஓட்டம் முடிந்து அந்தச் சிவப்புக் கோடு வந்துவிடும். உன் வீட்டு வாசலில் புறப்படும், பாலத்தைத் தாண்டும், ரொட்டிக்கடை முனையில் சிக்னலுக்கு நின்றது ஒரு சின்ன முடிச்சாகத் தெரியும், பிறகு ஏரியைச் சுற்றித் திரும்பி வரும். நெதர்லாந்தை நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஏரிக்கரையில் எங்கே வளைவு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கீழே இருக்கும் கட்டைவிரல் படத்தை ஒருமுறை தொட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். என் மகன் இன்றைக்கும் எழுந்தான், ஓடினான், வீடு திரும்பினான் என்று அதற்கு அர்த்தம். நீ மெதுவாக ஓடிய நாட்களில் குழந்தை வர்ஷினிக்குக் காய்ச்சலா, ராத்திரி தூக்கம் இல்லையா என்று கேட்பேன், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். போன வருடம் அப்பாவின் தெவசத்தன்று நீ நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகமாக ஓடியிருந்தாய். அன்றைக்கு மட்டும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறு என்றால் ஓடிவிட்டு வந்து நீ என்னோடு பேசுவாய், வர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து அப்பாயி என்று தனக்குத் தெரிந்த தமிழில் எதையாவது சொல்வாள், நான் திருத்துவேன், அவள் சிணுங்குவாள். முந்தின இரண்டு மூன்று வாரங்களாகவே வேலை இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று நீ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய். அன்றும் அப்படித்தான். கோடு வந்ததா என்று பார்த்தேன். வந்திருந்தது. மேலே வழக்கம்போல் காலை ஓட்டம் என்று போட்டிருந்தது. ஆனால் கோடு கரையோரம் போகாமல் தண்ணீருக்குள் இறங்கியது, நேராக நடு ஏரிக்குப் போனது, அங்கே நின்றுவிட்டது. திரும்பி வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். உனக்கு நீச்சல் தெரியாது. நம் தோட்டத்துக் கிணற்றில் அப்பா உன் இடுப்பில் கயிறு கட்டி இறக்கியபோது நீ கதறிய கதறலில் அவரே பயந்துபோய் உன்னைத் தூக்கிவிட்டார், அதற்குப் பிறகு நீ கிணற்றுப் பக்கமே போனதில்லை. இதுதான் எனக்குத் தெரிந்த சுரேந்தர்.

உன்னைக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மருமகளாவது எடுப்பாள் என்று தரணியைக் கூப்பிட்டேன், அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா பூங்காவுக்கு நடக்கப் போன அன்று, இட்லி ஆறுகிறது, இன்னும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத்தான் அவரைக் கூப்பிட்டேன். அன்றும் இப்படித்தான் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்து, "இந்தப் போன்காரருக்கு நீங்க ஆருங்க வேணும்" என்று கேட்டார். எடுக்காத போனின் மணிச் சத்தம் மற்றவர்களுக்கு ஒரு சத்தம், எனக்கு அப்படி இல்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்டர் அவசரம் என்று அன்று ஞாயிற்றுக்கிழமையும் வீட்டை ஒட்டிய நம் பனியன் துணிக் கம்பெனியில் நிட்டிங் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்காமல் போய்விடும் என்று தோன்றியது. தலைகூடப் பின்னாமல் வீட்டுப் புடவையோடு உள்ளே போய் எல்லா மிஷினையும் நிறுத்துங்கள் என்றேன். மிஷின் பிட்டர் கிட்டுசாமி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள எப்படிங்கம்மா ஓடுவாரு, இது மேப்புக் கோளாறுங்க" என்றான். ஏரி இருக்கிற இடத்தில் இருக்கிறது, பாலம் இருக்கிற இடத்தில் இருக்கிறது, ரொட்டிக்கடை இருக்கிற இடத்தில் இருக்கிறது, என் மகன் மட்டும்தான் இருக்கிற இடத்தில் இல்லை என்றேன். அவன் போய் மிஷின்களை நிறுத்தினான். கரண்ட் போனாலும் ஜெனரேட்டரில் ஓடும் மிஷின்கள் மொத்தமாக நின்றது அப்பா போன அன்றைக்கு மட்டும்தான், அது நம் தெருவுக்கே தெரியும். அதனால் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லாமலே வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. பீகார்ப் பையன்கள் நூல் கோன்களுக்கு நடுவில் கைகட்டி நின்றார்கள். நான் பழனாயிக்குப் போன் செய்து சுரேந்தர் உன்னோடு பேசினானா என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். அவள் காரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டில் இறங்கும்போதே "என்ற தங்கமே, எங்கண்ணன் பின்னாலயே நீயும் போயிட்டயா" என்று மாரில் அடித்துக்கொண்டு அவள் வரவும், வீடியோவில் நீ கூப்பிடவும் சரியாக இருந்தது. ஈரத் தலையும் சிரித்த முகமுமாக நீ வந்தாய். உன் அத்தை பாதி ஒப்பாரியில் நின்றாள். "ரோயிங், அதான் படகு வலிக்கக் கத்துக்கறேங்கம்மா, துடுப்புப் பிடி பட்டு வாட்சுல ஓட்டக் கணக்கு பாதியில நின்னுபோச்சு, போன் பைக்குள்ள சத்தமில்லாம கெடந்துருக்குது, சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்" என்றாய். நீச்சல் தெரியாதே என்று கேட்டதற்கு, "அது போன குளிர்காலத்துலயே கத்துக்கிட்டேங்கம்மா, வர்ஷினியோட சேந்து" என்று சொல்லிச் சிரித்தாய். உன் அத்தைக்கு, அண்ணி என்றும் பார்க்காமல், உடனே என் மேல் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க நங்கை, உசுரோட இருக்கற பையனுக்கு என்னை அழுக வெச்சுப்போட்டீங்களே" என்று காபிகூடக் குடிக்காமல் போனாள். பேச்சு அங்கே ஆரம்பித்தது.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என் மகனுக்கு நீச்சல் தெரியும் என்பது அங்கே நீச்சல் குளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு குளிர்காலம் முழுவதும் தெரிந்திருக்கிறது. எனக்கு ஊர் கூடி நிற்கும்போதுதான் தெரிந்தது. எவ்வளவு பெரிய விஷயம் அது, கிணற்றைக் கண்டு கதறிய பிள்ளை நாற்பது வயதில் தண்ணீரில் இறங்கினான் என்பது. அப்பா இருந்திருந்தால் தெருவில் நிற்பவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்துக் கோடு வருவது நின்றது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடையில் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் கெடவில்லை என்றார்கள். தரணிதான் தயங்கித் தயங்கி, "அத்தை, நீங்க பாத்துப் பயந்துக்கக் கூடாதுன்னு அவருதாங்க யாருக்கும் தெரியாத மாதிரி வெச்சுட்டாரு" என்று சொன்னாள். அன்பினால்தான் செய்திருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் கண்ணு, பயப்படுவது என் வேலை, அதை நான் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டேன், நீ பிறந்த அன்றைக்கே. இப்போதும் காலைச் சமையல் முடிந்ததும் போனை எடுக்கிறேன், பிறகு வைத்துவிடுகிறேன். தன்னால் பேசுகிறாள் என்று வேலைக்காரி பார்த்துச் சொல்லியிருந்தால் அந்த நேரத்தில்தான் பார்த்திருப்பாள்.

படகை விட்டுவிடு என்று நான் சொல்லப்போவதில்லை. கோயம்புத்தூர் கான்வென்டில் எங்களுக்குத் த்ரோபால் கற்றுக்கொடுத்த சிஸ்டர், தெரிந்ததையே செய்துகொண்டிருப்பவளுக்குக் கர்வம் வரும், புதிதாகக் கற்பவளுக்குப் பொறுமை வரும் என்பார். நீ கற்றுக்கொள். ஆனால் ஒன்றைக் கவனித்துப் பார். புதிதாக ஒன்று வந்தால் பழையதில் எதையாவது குறைத்தாக வேண்டும், நாளுக்கு நீளம் கூடப்போவதில்லை. நீ ஆபீஸ் நேரத்தைக் குறைக்கவில்லை, அது முடியாது. ஓட்டத்தையும் குறைக்கவில்லை, சனிக்கிழமை நீள ஓட்டம் அப்படியே இருக்கிறது என்று தரணி சொன்னாள். எட்டுப் பேர் இருக்கும் படகில் ஒருவர் வராவிட்டால் மற்ற ஏழு பேரும் கரையில் நிற்க வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை வராமல் இருக்க முடியாது என்று நீ சொன்னாயாம், அதுவும் நியாயம்தான். அப்படியென்றால் குறைந்தது எது? வர்ஷினி ஒருநாள் போனை எடுத்து, "அப்பாயி, சண்டே அப்பா ஊட்டுல இல்லீங்க" என்றாள். நான் கற்றுக்கொடுத்த மரியாதையோடு, சாதாரணமாகச் சொன்னாள். குழந்தைகள் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அது வீட்டு வழக்கம் ஆகிவிட்டது என்று பொருள். ஓட்டத்தில் ஒருநாளை எடுத்துப் படகுக்குக் கொடு, ஞாயிறு மதியத்தை அவர்களிடம் திருப்பிக் கொடு. தரணி கல்லூரியில் வாலிபால் ஆடிய பெண், பெண் பார்க்கப் போனபோது அலமாரியில் அவள் வாங்கிய கோப்பைகளைப் பார்த்தவள் நான். அவள் எப்போது ஆடுகிறாள் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? அவள் என்னிடம் குறை சொல்லவில்லை. குறை சொல்லாத பெண்களிடம்தான் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கோட்டை மறுபடியும் காட்டு என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் நீ அந்த நிமிடமே செய்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். கேட்டு வாங்கியதைத் தினமும் எடுத்துப் பார்க்க எனக்கு மனம் வராது. யோசித்துப் பார்த்தால் அது நீ எங்கே போனாய் என்பதை மட்டும்தான் சொன்னது. நீ எப்படி இருக்கிறாய் என்பதை நானாகவே ஊகித்துக்கொண்டு, தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் கேட்டால் நல்லாருக்கேங்கம்மா என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அப்படி ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது, மீதிப் பக்கம் வெள்ளையாக நிற்கும்.

நீயும் தரணியும் வர்ஷினியும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட நேரம் இருக்கிறவர்களாக நீண்ட நாள் வாழ வேண்டும், சாமி உங்களுக்குத் துணை இருக்கட்டும். வருடாவருடம் செய்யும் இருதயப் பரிசோதனையை இந்த வருடம் தள்ளிப்போடாதே. படகில் ஏறும்போது மிதவைச் சட்டை போடாமல் ஏறாதே, நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அது வேண்டும். அப்பாவின் தெவசம் புரட்டாசியில் வருகிறது, அன்றைக்கு மட்டுமாவது படகும் ஓட்டமும் இல்லாமல் வீட்டில் இரு.

நீ எப்படி நீந்தக் கற்றாய் என்று எனக்கு எழுது. முதல் நாள் தண்ணீரில் இறங்கும்போது பயந்தாயா, யார் கையைப் பிடித்துக்கொண்டாய் என்று எழுது. தமிழில் எழுது, கையால் எழுது, தபாலில் போடு. பதிலை எதிர்பார்த்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா