மஞ்சள் மாவும் சிவந்த வாயும்

எத்தனை தடவை கழுவியும் விரலில் மஞ்சளும் உப்பும் கலந்த வாசனை போகவில்லை. சாயங்காலம் பெரியவளுக்கு விளையாட்டு மாவு பிசைந்தேன். மைதா, உப்பு, எண்ணெய், மஞ்சள்தூள், வெந்நீர். எல்லாம் நீ பிசைவது மாதிரியேதான். நீ போனபிறகு இதுதான் முதல் தடவை.

சிதம்பரத்தில் நீ மாடியிலும் நான் கீழேயும் குடியிருந்தபோது அது உன் வேலை. "எல்லாமே அடுப்படி சாமான்தான்டி. ஆனா உப்பு ஜாஸ்தி, புள்ள முழுங்காம பாத்துக்க" என்பாய்.

அப்போது பெரியவள் சின்னக் குழந்தை. அன்றைக்கு நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பால் பொங்கியதென்று அடுப்பை அணைக்கப் போனேன், அவ்வளவுதான். திரும்பினால், துணி ஊறவைத்த வாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையும் வாயும் சிவப்பு. "ஐயோ, ரத்தம்!" என்று நான் போட்ட கூச்சலில் அவளும் வீறிட்டாள். நீ படியிறங்கி ஓடிவந்தாய். அவளை மடியில் போட்டு வாயைத் திறந்து பார்த்தாய்.

"ரத்தம் இல்லடி லூசு. சோப்புத் தண்ணி பட்டு மஞ்சள் செவந்திருக்கு. நீ ஆரத்தியே கரைச்சதில்லயா? கெமிஸ்ட்ரி படிச்சவள்னு வெளில சொல்லிடாத."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. தரையில் கிடந்த மாவையெல்லாம் திரட்டி ஒன்றாக உருட்டி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய். "கொறையுதே" என்றாய். ஓர் எலுமிச்சம்பழ அளவு காணோம். அத்தனை உப்பு இந்தச் சின்ன வயிற்றுக்குள் போயிருந்தால்? நான் ஆட்டோவைக் கூப்பிட ஃபோனை எடுத்துவிட்டேன். நீ மட்டும் பாட்டுப் பாடுகிற குரலில், "மாவ எங்கடி வெச்ச, தங்கம்?" என்று கேட்டபடி அவளைத் தூக்கித் திருப்பினாய். ஜட்டியின் பின்பக்கம் அப்பளம் மாதிரி நசுங்கி ஒட்டியிருந்தது. "மகாராணி, இதுமேலதான் ஒக்காந்திருந்தீங்களா?"

பிறகு நீ படியில் உட்கார்ந்தாய். நான் கொடுத்த டீ டம்ளர் உன் கையில் ஆடியது.

"ஒனக்கும் பயமாடி?"

"பின்ன? புள்ளைங்க நம்ம மூஞ்சியத்தான் பாக்குதுங்க. நாம கத்துனா அதுங்க பயந்து மூச்ச இழுக்கும். வாயில இருக்கறது உள்ள போயிடும்."

இன்று தவழ்ந்துகொண்டிருந்த சின்னவனின் கன்னம் உப்பியிருந்தது. "அம்மா, தம்பி மாவ வாயில போட்டுக்கிட்டான்" என்றாள் பெரியவள். தொண்டைவரை வந்த அலறலை விழுங்கினேன். அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து சிரித்தேன். "ஆ காட்டு, செல்லம்" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான். நாக்கின்மேல் உருண்டை முழுசாக இருந்தது. வழித்து எடுத்தேன்.

இரண்டும் தூங்கிவிட்டன.

மஞ்சக்குப்பத்தில் உன் அம்மா வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது பார்த்த முகம்தான் இத்தனை மாதமாகக் கண்ணுக்குள் நின்றது. இன்று அவனுக்கு நான் காட்டியது அதுவல்ல. படியிறங்கி ஓடிவந்தாயே, அந்த முகம்.