உன் லேப்டாப்பில் நான் அழித்தது

அன்புள்ள நான்சிக்கு,

நீயும் குழந்தையும் சுகம்தானே? மாதா கிருபையில் நானும் சுகம். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

பிளஸ் டூவில் அரசு உனக்குக் கொடுத்த லேப்டாப்பில் இருந்த இலவச சாஃப்ட்வேரை, நம் கல்யாணம் ஆன புதிதில், "ஓசில வந்தது உருப்படுமா?" என்று அழித்துவிட்டு, ஜெயங்கொண்டத்தில் விலை சாஃப்ட்வேரின் திருட்டுப் பிரதியை ஏற்றி வந்தேனே, அதையே இங்கே ஷார்ஜா ஆபீஸிலும் செய்தேன். வைரஸ் புகுந்துவிட்டது. பயப்படாதே, வேலை போகவில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, நீ திரும்ப ஏற்றிப் பள்ளிக்கு வினாத்தாள் அடிக்கும் அந்த இலவச லிப்ரே ஆபீஸை ஏற்றினேன்.

நம் ஊர்ப் பக்கத்துக்காரரான மேனேஜர், "யாருப்பா சொல்லிக்குடுத்தது?" என்றார். நீதான் என்று சொல்லாமல், நானே தேடிப் பிடித்தேன் என்றேன்.

அதில் அட்டவணை போடும் வழியை எழுதி அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், தாளில், உன் கையால்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "சொல்லிட்டீங்களா?" என்று கேள். நீ கேட்டால்தான் மேனேஜரிடம் உன் பெயரைச் சொல்வேன்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

லியோ பிரபு