குளத்தின் மேல் திராட்சை வலை

முத்துப்பேட்டை,
ஞாயிறு.

அன்புள்ள அக்கா,

உங்களுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டுமென்று இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன். நானும் மடத்து விடுதிப் பிள்ளைகளும் நலம்.

அலையாத்திக் காட்டிலிருந்து நீர்நாய்கள் வந்து, பிள்ளைகளுக்காகக் குளத்தில் வளர்க்கும் மீனைத் தின்கின்றன என்று எழுதியிருந்தேன் அல்லவா? அத்தான் தோட்டத்திலிருந்து அனுப்பிய திராட்சை வலையைக் குளத்தின் மேல் விரித்தேன். "இதப் போட்டா ஒரு குருவி அண்டாதுடின்னு அவுக சொல்றாக" என்றீர்களே, குருவி அண்டவில்லை. நேற்றுக் காலை ஒரு நீர்நாய்க் குட்டி அதில் சிக்கி இறந்து கிடந்தது.

"யாரும்மா விரிச்சது? இந்தக் காட்டுல மிஞ்சியிருக்கிறதே கொஞ்சந்தான்" என்றாள், பார்க்க வந்த வனக்காவலர் தமிழரசி.

"நான்தான்" என்றேன். அவள் என் நரையைப் பார்த்துவிட்டுக் குட்டியைச் சாக்கில் எடுத்துப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

கவலைப்படாதீர்கள். இன்னொரு வலை அனுப்ப வேண்டாம். உங்கள் போடி ஊர் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று மட்டும் அனுப்புங்கள்; இங்கே தூக்கம் பிடிக்கவில்லை. வலையை அறுத்தெறிந்துவிட்டேன். நேற்றிரவெல்லாம் தாய் நீர்நாய் வந்து கரையில் நின்று கூப்பிட்டது. மீனைத் தொடவில்லை.

செப மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் தங்கை,
பிலோமினா