கரந்தாய்த் துறையில் பறந்த மேசைவிரிப்பு

கொன்செப்சியோன்
திங்கள், 2 செப்டம்பர் 1991

மதிப்பிற்குரிய தோன் எலிஹியோ,

உங்கள் துணியைப் பார்த்துத்தான் எங்கள் படகு கரைக்குத் திரும்பியது, மணலில் ஏறியது, இரண்டு நாள் அசையாமல் கிடந்தது. கரையில் வெள்ளைத் துணி பறந்தால் படகு நின்றாக வேண்டும். கிட்டே வந்தால் ஏற்றச் சரக்கும் இல்லை, ஏற ஆளும் இல்லை, ஒரு மேசைவிரிப்பு. என் தக்காளியெல்லாம் குழைந்துபோய், சூப் வைத்துப் பயணிகளுக்கே விற்றேன்.

கேப்டன் ஃப்ரெத்தெஸ் என்ன சொல்கிறார் தெரியுமா? "இனிமே அந்த ஆளு துணி காட்டினா, நான் தொப்பியக் கழட்டி ஆட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன், ஞா நிமியா."

நாட்டுக்கும் ஆற்றுக்கும் பராகுவாய் என்று ஒரே பெயர். உங்கள் பக்கத்துக்கு நாடு வருவதே ஆற்றில்தான்: மாவு, மண்ணெண்ணெய், வாத்தியார், எல்லாம். படகு நிற்காவிட்டால் உங்கள் துறையின் நாற்பது குடும்பம் என்ன செய்யும்?

அடுத்த மாதம் படகுத் தளத்தில் காய்கறி விற்கும் என் இடத்தை விட்டுவிட்டு அசுன்சியோனில் கடை போடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். பதினோரு வருடம் உங்கள் பாலாடைக்கட்டியை விற்றவள், இதைச் சரிசெய்யாமல் போக மனமில்லை. நடந்ததை எழுதுங்கள், கேப்டனிடம் பேசுகிறேன். கடைக்கு வாடகை பேச அசுன்சியோன் போகிறேன். அது முடியும்வரை என் மகள் லிஸ்தான் படகில் வருவாள். பதிலை அவளிடம் கொடுங்கள்.

நிமியா ஓவெலார்


கரந்தாய்த் துறை
சனி, 7 செப்டம்பர்

அன்புள்ள ஞா நிமியா,

படகு நிற்கவில்லை. ஓடத்தில் நடு ஆற்றுக்குப் போய் லிஸ்ஸிடம் உங்கள் கடிதத்தை வாங்கினேன். கேப்டன் சொன்னபடியே தொப்பியை ஆட்டினார்.

விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டேன், காற்றில் பறந்தது. அவ்வளவுதான். மன்னிக்க வேண்டும்.

எனக்கும் ஒரு குறை உண்டு. அந்த இரண்டு நாளில் என் கோழிகள் மூன்றைத் தின்றீர்கள், சீட்டில் ஏழு தடவை என்னைத் தோற்கடித்தீர்கள், என் அடுப்பு புகைகிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். உண்மைதான், புகைகிறது. நீங்கள் போனபின் இன்னும் அதிகமாகப் புகைகிறது.

இத்துடன் ஒரு பாலாடைக்கட்டி.

எலிஹியோ பெனேகாஸ்


கொன்செப்சியோன்
திங்கள், 9 செப்டம்பர்

தோன் எலிஹியோ,

பாலாடைக்கட்டி நன்றாக இருந்தது. உங்கள் பொய் நன்றாக இல்லை.

வெங்காயத்துக்கு வருமுன் நான் ஒன்பது வருடம் துணி விற்றவள். காயப்போட்ட துணி வேலியில் கிடக்கும். உங்களுடையது பனைக்கம்பின் உச்சியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. பெட்டியில் மடித்து வைத்த மடிப்புகூடக் கலையவில்லை. துவைத்த துணியா அது? உண்மையைச் சொல்லுங்கள். இதை நம்பிக் கேப்டனிடம் நான் வாதாட முடியாது.

நிமியா


கரந்தாய்த் துறை
சனி, 14 செப்டம்பர்

ஞா நிமியா,

நானேதான் கட்டினேன்.

நீங்கள் இந்தப் பக்கம் வருவது அதுதான் கடைசித் தடவை என்று மாடு ஏற்ற ஆற்றில் மேலே போன மாட்டுப்படகுக்காரன் சொன்னான். படகு பத்து நிமிடம் நின்றால் போதும், கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அது இரண்டு நாள் நின்றது. அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. சீட்டில் தோற்றதெல்லாம் அந்த யோசனையில்தான்.

இப்போது எழுத்தில் கேட்கிறேன். அசுன்சியோனுக்குப் போகாதீர்கள். என்னைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதில் எதுவானாலும் சரி, இந்தத் துறைக்காக மட்டும் கேப்டனிடம் பேசுங்கள். தப்பு என்னுடையது, ஊருடையது அல்ல.

எலிஹியோ


கொன்செப்சியோன்
திங்கள், 16 செப்டம்பர்

என் எலிஹியோவுக்கு,

கேப்டனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கோபிக்க வேண்டாம், வேறு வழியில்லை. "இதுக்கா ரெண்டு நாள் என் படகக் கட்டிப்போட்டான்?" என்று சிரித்தார். அவர் நிபந்தனை ஒன்றுதான்: தண்ணீர் குறையும்போதெல்லாம் மணல்திட்டைச் சுற்றி நீங்கள் கம்பு நட்டுக் காட்ட வேண்டும். படகு முன்போல நிற்கும்.

நானும் ஒன்று சொல்லவேண்டும். முதல் நாள் மத்தியானமே, கீழே திரும்பி வந்த அந்த மாட்டுப்படகுக்காரன் எங்களை மணலிலிருந்து இழுத்துவிடுகிறேன் என்றான். கயிறு தாங்காது, பொறுங்கள் என்று கேப்டனைத் தடுத்தது நான். கயிறு தாங்கியிருக்கும். தக்காளி போனதும் என்னால்தான். இதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை, நீங்களும் காட்டாதீர்கள்.

அசுன்சியோன் வாடகை கட்டுபடியாகாது. தளத்தில் என் இடத்தையும் விடமாட்டேன். அது நான் சம்பாதித்தது. ஆகவே உங்களைக் கட்டிக்கொள்ள என் பேரம் இது: வியாழன் மேலே வரும்போது உங்கள் துறையில் இறங்குவேன், கடைசித் துறைவரை லிஸ் விற்பாள், சனி படகு திரும்பும்போது ஏறிவிடுவேன். வாரத்தில் இரண்டு இரவு உங்கள் வீடு, மற்றது ஆறு. பாலாடைக்கட்டி பழைய விலைக்கே. புகைபோக்கி உங்கள் செலவு, நான் வருமுன் முடிந்திருக்க வேண்டும்.

நிமியா