சத்தம் குடுத்துட்டு வரோணும்

9 ஜனவரி 1974

இன்னைக்கும் எருமை பால் கறக்கவில்லை. குற்றவாளி நான்தானாம். நான்கூட இல்லை, என் கார்.

எழுதி வைத்துவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது. கார் வாங்கினது போன ஓணத்துக்கு. நெல்லியாம்பதி எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, துணிக் கூரை. பெட்ரோல் விற்கிற விலையில் பெருமாட்டியில் இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிற கிறுக்கன் நான் ஒருத்தன்தான், ஒத்துக்கொள்கிறேன். மலை இறங்கும்போதே துருப்பிடித்த சைலன்சர் கழன்று பள்ளத்தில் விழுந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வந்த சத்தம் இருக்கிறதே, அடடா!

வாய்க்கால் திருப்பத்தில் வண்டி திரும்பினால் போதும், தென்னந்தோப்பில் ஆளெல்லாம் நிமிர்ந்து வேலை செய்வார்கள். நான் வந்து இறங்குவதற்குள் என் ஊட்டுக்காரி வள்ளியாத்தாள் வாசலில் வந்து நிற்பாள். மரியாதை என்றால் இது. எங்கப்பன் மாட்டுவண்டியில் வந்தபோது எவன் எழுந்து நின்றான்?

எருமைக்கு மட்டும் மரியாதை தெரியவில்லை. சத்தம் கேட்டதும் பாலை அடக்கிக்கொண்டு சட்டியை உதைக்கிறது.

11 ஜனவரி

"ஏனுங்க, எருமையா காரா, ஒண்ணைச் சொல்லிப்போடுங்க."

கல்யாணமாகி மூணு வருசத்தில் வள்ளியாத்தாள் ஒரே மூச்சில் என்னிடம் பேசின நீளமான பேச்சு இதுதான். மற்றபடி "ஆமாங்க", "இல்லீங்க", "சோறு போட்டாச்சுங்க". பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கொஞ்சம் வாயாடி, பாத்துக்குங்க என்று கல்யாணத்தன்று அவள் அண்ணனே சொன்னான். எங்கே அந்த வாய்? நான் என்ன புலியா கரடியா?

எருமைக்காகவாவது பேசினாள். அதற்காக எருமையைக் கும்பிடலாம். காரை விற்க முடியாது. முடியாது என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

15 ஜனவரி

மாட்டுப் பொங்கல். எருமைக்கு மாலை, மஞ்சள், குங்குமம். காரை வேலிக்கு வெளியே தள்ளி நிறுத்தச் சொன்னாள். தள்ளினேன்.

18 ஜனவரி

கொல்லங்கோட்டில் சூசையப்பன் பட்டறைக்குப் போனேன். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்டவர். கையைவிட வாய் வேகம்.

"சைலன்சர் போட்டா எருமை கறக்கும், ஆனா ஒங்க மொகம் தொங்கிப் போகும். அதானே அண்ணாச்சி?" என்றார். என் வியாதி அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

அவர் திட்டம் இது: ஒரு பழைய வேனின் சைலன்சரை மாட்டுவது. அதற்கு முன்னால் குழாயில் ஒரு கிளை வைத்து, கிளைக்கு ஒரு மூடி. மூடியிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பிடிக்கு வரும். "இழுத்தா சித்தூருக்கே கேக்கும், தள்ளுனா ஒங்களுக்கே கேக்காது. ஏரோப்ளேன்ல இதான் போட்டிருக்கான்" என்றார். ஏரோப்ளேனில் போட்டிருக்கவே மாட்டான். இருந்தாலும் சரி என்றேன்.

23 ஜனவரி

அந்தச் சூசையப்பன் நாசமாப் போக!

வண்டித்தாவளத்தில் ஒரு எழவு. பெரிய மனுசர். வள்ளியாத்தாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பிடியைத் தள்ளிவிட்டு, பூனை மாதிரி போனேன். எழவூட்டு வாசலில் ஒரு பள்ளம். அதில் இறங்கியதும் கம்பி பட்டென்று அறுந்து, மூடி திறந்து தொங்கிவிட்டது. படபடபடவென்று வெடிக்கிறது. நான் பிடியை இழுக்கிறேன், தள்ளுகிறேன், "முருகா" என்கிறேன், பதட்டத்தில் ஆக்ஸிலேட்டரை வேறு மிதிக்கிறேன். ஒப்பாரி வைத்த பொம்பளைகள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கட்டிலில் கிடந்தவர் எழுந்து "யாருப்பா அது" என்று கேட்காததுதான் பாக்கி.

வள்ளியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். இவ்வளவு அழ அவர் அவளுக்குத் தூரத்து ஒறம்பரைகூட இல்லையே?

27 ஜனவரி

சூசையப்பன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "எழவு வீட்டுல டெஸ்ட் பண்ணச் சொன்னது யாரு அண்ணாச்சி?" என்றார். மூடி தானாகவே மூடிக்கொள்ளும்படி ஒரு ஸ்ப்ரிங்கும், மோட்டார்சைக்கிள் கம்பியும் போட்டுக் கொடுத்தார். இனி இழுத்துப் பிடித்தால்தான் சத்தம்.

எருமை இன்று ரெண்டு வேளையும் கறந்தது. வள்ளியாத்தாள் சொன்னது: "கறந்துருச்சுங்க."

2 பிப்ரவரி

சத்தமில்லாமல் தோப்புக்குப் போனேன். எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று பார்க்கத்தான், வேறு எண்ணம் ஒன்றும் இல்லை.

எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். குப்பண்ணன், எங்கள் தோப்பில் தேங்காய் போடுகிறவன், யூனியன்காரன், வேட்டிக்குள் துண்டைச் சுருட்டி வைத்துத் தொப்பை செய்துகொண்டு, கையைப் பின்னால் கட்டி நடக்கிறான். "ஏண்டா, இந்தத் தேங்கா ஏண்டா சிறுசா இருக்குது? நீ தின்னுபோட்டியா?" அத்தனை பேரும் உருண்டு சிரிக்கிறார்கள்.

அது நான். என் தொப்பை. அவ்வளவு பெரிசா அது?

கத்தின கத்தில் எனக்கே தொண்டை கட்டிக்கொண்டது.

4 பிப்ரவரி

குப்பண்ணன் கொடியோடும் நாலு ஆளோடும் வந்தான்.

"மொதலாளி கோவிச்சுக்கப்படாது. நீங்க வாரதே தெரியாம வந்து நிக்கறீங்க. ஒரு பீடி பத்தவெக்க முடியல, நாலு வார்த்தை பேச முடியல. பொம்பளைக வாய்க்கால்ல எறங்கக் கூச்சப்படறாங்க. முந்தியாட்டம் சத்தம் குடுத்துட்டு வரோணும். இல்லீன்னா பணிமுடக்குங்க, ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டோம்."

"கூலி கேட்டாலும் நாயம். சத்தம் கேக்கறீங்களேடா!"

"கூலி அடுத்த மாசத்துக்கு வெச்சிருக்கறமுங்க."

சிரிப்பதா அடிப்பதா தெரியவில்லை. முடியாது என்று அனுப்பிவிட்டேன். என் வண்டி, என் தோப்பு, என் மூடி! உள்ளே வந்தால் அடுப்பைப் பார்த்தபடி வள்ளியாத்தாள் சொல்கிறாள்: "அவங்க கேக்கறது நாயந்தானுங்க."

இவளுக்கு என்ன வந்தது?

7 பிப்ரவரி

மத்தியானம் சித்தூரிலிருந்து சீக்கிரமே திரும்பினேன். மூடி மூடித்தான் இருந்தது.

ஊட்டுக்குப் பொறகால சிரிப்புச் சத்தம். யாரோ ஒறம்பரை வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சுவரோரம் போய் எட்டிப் பார்த்தால் வள்ளியாத்தாள். நெல் புடைக்க வந்த பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று எழவூட்டுக் கதை சொல்கிறாள். முறத்தை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு இழுக்கிறாள், தள்ளுகிறாள். "முருகா!" என்கிறாள், அச்சு அசல் என் குரல். வாயாலேயே படபடவென்று வெடிக்கிறாள். குப்பண்ணனெல்லாம் இவளிடம் பிச்சை வாங்க வேண்டும். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணி வர.

மூணு வருசத்தில் நான் கேட்காத சிரிப்பு. எழவூட்டில் அன்றைக்கு அவள் அழவில்லை.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. என் ஊட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாள், வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி ஒளிந்துகொள்கிறாள். வாசலில் வந்து நிற்பது வேறொருத்தி. அந்தச் சத்தத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, மடையன்!

உள்ளே போகவில்லை. வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வாய்க்கால் திருப்பம் வரைக்கும் போனேன். அங்கே ஸ்டார்ட் செய்து, பிடியை இழுத்துக்கொண்டு, ஊரே கேட்க வந்தேன்.

வாசலில் நின்றாள். முகம் கழுவியிருந்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள்.

8 பிப்ரவரி

இன்றைக்கும் திருப்பத்திலேயே பிடியை இழுத்தேன்.

10 பிப்ரவரி

குப்பண்ணனைக் கூப்பிட்டு ஒத்துக்கொண்டேன். வாய்க்கால் திருப்பத்தில் திறப்பேன், எருமைக் கட்டுத்தறி நெருங்கும்போது மூடுவேன். அவன் சந்தேகமாகப் பார்த்தான். இவ்வளவு சுலபமாக ஜெயித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை போல.

14 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். இலையில் உட்கார்ந்ததும், குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்: "அன்னைக்கு நீ சிரிச்சதைக் கேட்டேன்."

கரண்டி அப்படியே நின்றது. "எப்பங்க?"

"முறத்தை வெச்சு வண்டி ஓட்டுனயே, அப்ப. திரும்பிப் போயிச் சத்தம் போட்டுட்டு வந்தேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஐயோ, தப்பாகச் சொல்லிவிட்டேனே! வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒண்ணு தப்பு. நான் ரெண்டு தடவை முருகான்னேன். நீ ஒருக்காத்தான் சொன்னே."

என்னையே பார்த்தாள். குழம்புச் சட்டியை வைத்துவிட்டு விடுவிடுவென்று கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டாள். சிரிக்கப் போனாளா அழப் போனாளா? போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை.

15 பிப்ரவரி

"ஆமாங்க." "இல்லீங்க."

கெடுத்துவிட்டேன்.

19 பிப்ரவரி

பொழுதோட வந்தேன். திருப்பத்தில் இழுத்தேன், முறைப்படி வெடித்தது, கட்டுத்தறிக்கிட்ட மூடினேன். வாசலில் யாரும் இல்லை.

அம்மா ஊட்டுக்குப் போய்விட்டாளோ? பொறகால ஓடினேன். பொம்பளைகள் என்னைக் கண்டதும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். நடுவில் வள்ளியாத்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளி நடந்துகொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. என்னைப் பார்த்தாள். நிற்கவில்லை.

"செத்த இருங்க, முடிச்சுப்போட்டு வாரேன்" என்றாள்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். குரல் பிரமாதம், நடைதான் வரவில்லை. தோளை ரொம்பத் தூக்குகிறாள். நான் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர்கள் எல்லாருக்கும் நடுவில் நடந்து காட்டினேன்.