தூண்டில் போட அனுமதி கேட்டு

இன்று காலை ஆற்றோரக் கரையில் சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தார்கள். கரை ஓரிடத்தில் சரிந்துவிட்டதாம், செப்பனிடுகிறார்கள். நடக்க வந்தவர்கள் பட்டையைத் தூக்கிவிட்டுக் குனிந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சீன மூதாட்டி, என் வயதுதான் இருக்கும், எனக்காகவும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவி, காப்பி கலந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பட்டையைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்தது. அப்போது அது நீங்கள் தூண்டிலோடு உட்காரும் இடத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் நாற்பத்தாறு வருடம் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இதுதான் முதல்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த காலத்தில் நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். கான்வென்டில் பழக்கியபடி இடப்பக்கம் ஓரக்கோடு இழுத்து, ஒவ்வொரு நாளும் தொலைக்காட்சியில் சொன்ன விதியை எழுதினேன். காரில் ஒருவர். பிறகு இருவர், ஆனால் ஒரே வீட்டார். பத்து கிலோமீட்டருக்குள். மெதுவோட்டம் ஓடலாம், தனியாக. மறுநாள் மெதுவோட்டம் கூடாது. அதற்கடுத்த வாரம் ஓடலாம், அக்கம்பக்கத்துக்குள் மட்டும். அக்கம்பக்கம் எங்கே முடிகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் எழுதியதை அடித்து, எழுதி, மறுபடி அடித்து, அந்தப் பக்கங்கள் பார்க்கவே அசிங்கமாக இருந்தன. நம் தாமான் குடியிருப்பில் இருந்தவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கேட்டார்கள்: பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகலாமா, முடி வெட்டப் போகலாமா, தாயைப் பார்க்கப் போகலாமா. நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது மறைப்பானேன்.

நீங்கள் சாய்வு நாற்காலியில் இருந்தபடி சொன்னீர்கள், "ஓடுனா விடுவாங்களாம், நடந்தா புடிப்பாங்களாம். எழுபத்து மூணு வயசுல என்னை ஓடச் சொல்றியா மதர்?"

மதர். கான்வென்டின் தலைமைக் கன்னிகாஸ்திரீயை நாங்கள் அப்படி அழைப்போம் என்று கல்யாணமான புதிதில் நான் தெரியாமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் கண்டிப்பாகப் பேசும்போதெல்லாம் உங்களுக்கு நான் மதர். உங்கள் தோட்டத்து ஆபீசில், உங்களோடு எழுத்து வேலை பார்த்த மற்ற கிராணிகள் முன்னால்கூட. அதற்காக நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்.

முதல் ஆணையின்போது உலு யாமில் உங்கள் அக்கா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மாவட்டம் தாண்ட வேண்டும். நீங்கள் போலீஸ் நிலையக் கவுண்டரில் போய்க் கேட்டீர்கள். அங்கே இருந்தவர், அவசரம்தானே, போங்கள், வழியில் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள் என்றார். எழுதித் தரச் சொல்லுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "வாயால சொன்னா போதாதா?" என்றீர்கள். மாவட்ட எல்லையில் தடுப்பு. சீருடையில் இருந்த பையன், நம் பேரன் வயது, கண்ணாடியை இறக்கச் சொல்லி, "சூராட் மானா?" என்றான். கடிதம் எங்கே. நீங்கள் விளக்கிச் சொன்னீர்கள். அவன் மறுபடியும் அதையே கேட்டான். உங்களை இறங்கச் சொன்னார்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றீர்கள். பின்னால் நின்ற கார்களில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கடைசியில் நீங்கள் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து காரைத் திருப்பினீர்கள். திரும்பும் வழியெல்லாம் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பையன் மீது தவறில்லை. அவன் கேட்டது ஒரு கடிதம். அது நம்மிடம் இல்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி என் வீட்டு மனிதர் எழுத்தில் இல்லாத ஒரு சொல்லை நம்பி வாசலைத் தாண்டுவதில்லை. கல்யாணத்துக்கு முன் கிள்ளானில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டெழுத்து வேலை பார்த்தவள் நான். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பார் அவர்.

இரண்டாம் முறை ஆணை வந்தபோது உங்களுக்குத் தூண்டில் ஒன்றுதான் குறை. வேலை விட்டு இறங்கி, இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வாரம் மூன்று நாள் காதர் நானாவோடு ஆற்று முகத்தில் போய் உட்காருவீர்கள். அவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்து மகன்களிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். இருவரும் பிடித்துக்கொண்டு வந்த மீன் ஒரு குழம்புக்கு வந்ததில்லை. ஒரு கெளுத்தி, அதுவும் விரல் நீளம். ஆனால் போய்விட்டு வந்த நாளில் நீங்கள் நன்றாகத் தூங்குவீர்கள். இதய அறுவைக்குப் பிறகு உங்களுக்குத் தூக்கம் வந்ததே அந்த நாட்களில்தான். அது எனக்குத் தெரியும். அதையும் எழுதிவிட வேண்டும்: எனக்குத் தெரியும்.

தூண்டில் போடுவது வெளிப்புறப் பொழுதுபோக்கா, இல்லையா? ஒரு செய்தியில் ஆம் என்றார்கள். அடுத்த செய்தியில் குளங்களில் மட்டும் என்றார்கள். ஆறு குளமாகுமா? கரை நம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர், அது அக்கம்பக்கமா? நான் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மலாயில், மூன்று கேள்விகள், எண் போட்டு. நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இதுக்குமா கடிதம்? மீனுகிட்ட கேட்டா அதுவே சொல்லும்லா," என்றீர்கள்.

நான் தபால் தலையை ஒட்டினேன்.

நீங்கள் தினமும் முன்வாசலில் நின்று, கொக்கி இல்லாமல் வெறும் ஈயக்குண்டைக் கட்டி, ஆளில்லாத தெருவில் வீசிச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். எதிர்வீட்டு மலாய்க்காரர் சன்னலிலிருந்து என்ன கிடைத்தது என்று கேட்பார். தார் என்று சொல்வீர்கள்.

இரண்டு வாரம் பதில் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்து வாங்கப் போன நான் அந்த அலுவலகத்துக்கே போனேன். பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் முக்காடு போட்ட பெண் ஒருத்தி. நான் மலாயில் ஆரம்பித்தேன், அவள் தமிழில் பதில் சொன்னாள். "போலாம் ஆன்ட்டி. அங்கிளைத் தனியா போகச் சொல்லுங்க, கூட்டம் சேராம. ஆத்துல போடலாம், ஒன்னும் சொல்லமாட்டாங்க."

எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

"இதுக்கெல்லாம் எழுத்து இல்ல ஆன்ட்டி. சொன்னா சொன்னதுதான்."

என் கடிதத்துக்குப் பதில் வருமா என்றேன். எல்லாக் கடிதத்துக்கும் பதில் வரும், நேரமாகும் என்றாள்.

நடந்து வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். என்ன சொன்னாங்க என்று கேட்டீர்கள். நான் போன இடத்தைச் சொல்லவில்லையே, எப்படித் தெரிந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மருந்துக் கடைக்குப் போனால் அவ்வளவு நேரம் ஆகாது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள் என்று பிறகு எண்ணிக்கொண்டேன். நான், பதில் வருமாம் என்றேன். அது பொய்யில்லை. அவள் சொன்ன இரண்டில் ஒன்றுதான் அது. மற்றதை விட்டுவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தீர்கள்.

வெயிலில் நீங்கள் கைகூப்பி நின்றதை இன்னொரு முறை நான் பார்க்கமாட்டேன் என்பதுதான் என் எண்ணம். அது உங்களுக்கான பயம் என்று அப்போது நினைத்தேன். என் மானம் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். இதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

அந்தச் செவ்வாயிலிருந்து பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பல் துலக்கப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. ஆம்புலன்சில் வந்தவர்கள் உடல் முழுக்க வெள்ளை உடுப்பு போட்டிருந்தார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். அந்த நோய் இல்லை, இதயம்தான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

மகன் கிள்ளானிலிருந்து மாவட்டம் தாண்டி வர வேண்டும். அதற்குக் கடிதம் வேண்டும். உங்கள் சாவுக்கு ஒரு மணி நேரத்தில் கடிதம் கிடைத்தது. காரின் எண், வருபவர்கள் பெயர், சேரும் இடம், கீழே முத்திரை. படம் எடுத்து எனக்குக் கைப்பேசியில் அனுப்பினான். உங்கள் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. திருத்தி வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். "அம்மா, இப்போ இது தேவையா?" என்றான். தேவை என்றேன். அதனால் அவன் வர இன்னும் அரை மணி தாமதம்.

நான் அழவில்லை. சுடலையில் நின்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன், விதித்த எண்ணிக்கைக்கு மேல் போய்விடக் கூடாது என்று. காதர் நானா கணக்கில் வரவில்லை. சுடலை வாசலுக்கு வெளியே, சாலையின் அந்தப் பக்கம், தன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார்.

தளர்வுகள் வந்த பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியேதான் நின்றார். உங்களைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, பூந்தொட்டியைப் பார்த்தபடி ஒன்று சொன்னார்.

"தங்கச்சி, அந்தக் கவுண்டர்ல இருக்கறது என் பேத்திதான். நீங்க வந்து கேட்டீங்க, போலாம்னு சொல்லிட்டேன்னு அவ உடனே எனக்குப் போன் போட்டா. நான் அப்பவே அவனுக்குப் போட்டுட்டேன். நீங்க வீடு வந்து சேந்திருக்கமாட்டீங்க. 'வாடா, உன் வீட்டம்மாவே கேட்டு வாங்கிட்டாங்க, நாளைக்கு ஆளுக்கொரு பக்கமா உக்காரலாம்'னேன். அவன் வரல தங்கச்சி."

ஏன் என்றும் அவரே சொன்னார்.

"'அவ கடிதம் எழுதியிருக்கா நானா, அது வரட்டும். இல்லன்னா அவளே போன்னு சொல்லட்டும். நான் பாட்டுக்குக் கெளம்பிப் போனா அவளுக்கு மரியாதயா இருக்காது'ன்னான். நான் திட்டினேன். பொண்டாட்டிக்குப் பயந்தவன்னேன். ஆமாலா, நாப்பத்தாறு வருஷமான்னு சிரிச்சான்."

தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவர் போன பிறகு கேட்டைப் பூட்டினேன். அன்றைக்குத் துவைத்த துணியை மடித்தேன். இரவுக்குச் சோறு வைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று பல நாள் காத்திருந்தேன்.

ஒன்று மட்டும் நடந்தது. அந்தப் பத்தொன்பது நாட்களில் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் தெருவுக்குள் வந்து போனதும் நீங்கள் கேட்டது நினைவுக்கு வந்தது. "வந்துச்சா மதர்?" கேலியாக இல்லை, மெதுவாக, என் முகத்தைப் பார்த்து. நான் ஒவ்வொரு முறையும், இன்னும் இல்லை என்றேன். நீங்கள் கடிதத்தைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சனி, ஞாயிறு தபால் கிடையாது. பதின்மூன்று நாட்கள். மறைத்ததைச் சொல்லிவிடப் பதின்மூன்று முறை நீங்கள் எனக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள்.

கோபமாக இருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. என்னைச் சோதித்தீர்களா, பொறுத்துக்கொண்டீர்களா, அதுவும் தெரியாது. எப்படி எண்ணிப் பார்த்தாலும் இதற்கு விடை இல்லை, கேட்டு எழுத ஓர் அலுவலகமும் இல்லை. என் மூன்று கேள்விகளுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. நான் நினைவூட்டிக் கடிதம் எழுதவில்லை. வாழ்க்கையில் நான் நினைவூட்டாமல் விட்டது அது ஒன்றுதான்.

இப்போது எல்லாரும் எங்கும் போகிறார்கள். மகன் ஞாயிறுதோறும் வருகிறான். காதர் நானா தனியாகப் போய் உட்காருகிறார், எனக்கு மீன் அனுப்பமாட்டார், அனுப்பும்படி எதுவும் பிடிபடுவதில்லை. தபால்காரர் மட்டும் புதியவர். பதினொரு மணிவாக்கில் அவர் வண்டி எதிர்வீட்டில் நின்று கிளம்பும்போது, நான் எந்த வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடுகிறது. போகலாமாம், தனியாகப் போனால் ஒன்றும் சொல்லமாட்டார்களாம், போய்விட்டு வாருங்கள். சொற்கள் வரிசையாக, பிழையில்லாமல், வாய்க்குள் வந்து நிற்கின்றன.

யாரும் கேட்பதில்லை.